ஒரு மணி நேரம் படம் எடுத்தேன். ‘ஆசியா’ சிறுகோளை மட்டும் காணவில்லை

கொல்லைமேடு ஸ்டுடியோ:

அனைவருக்கும் வணக்கம். வாணியம்பாடியில் 18 ஆண்டுகளாகப் போட்டோ ஸ்டுடியோ நடத்தி வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று பகல் போய்விடும். அமாவாசையை ஒட்டிய இரவுகளில், ஆலங்காயம் தாண்டிக் காவலூர் போகிற சாலையில் இருக்கும் அப்பாவின் நிலத்துக்குத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்தப் பழக்கம் தொடங்கி இது மூன்றாவது வருடம்.

2025 மே மாதம் வெஸ்டா என்ற சிறுகோள் துலாம் விண்மீன் கூட்டத்தில் எதிர்நிலைக்கு (வானில் சூரியனுக்கு நேர் எதிரே) வந்திருந்தது. அதை 10×50 பைனாகுலரில் நான்கு இரவுகள் பார்த்தேன். பார்த்ததை மகளின் கணக்கு நோட்டில் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்தேன். நான்காம் இரவு முதல் நாள் பக்கத்தைத் திருப்பி ஒப்பிட்டேன். எல்லாப் புள்ளிகளும் அதே இடத்தில் இருந்தன. ஒன்று மட்டும் நகர்ந்திருந்தது. அன்று விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் 67ஆம் எண் சிறுகோளான ‘ஆசியா’வைப் பற்றிப் படித்தேன். ஆசியக் கண்டத்தில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான், கண்டுபிடித்த ஊர் நம் சென்னை என்று தெரிந்ததும், நம் மண்ணில் நின்று அதை ஒரு தடவையாவது படம் பிடித்தே ஆகவேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

என்னிடம் இருப்பது 150 மி.மீ. ஆடியும் 750 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி. மோட்டார் பொருத்திய ஈக்வடோரியல் மவுண்ட் (நட்சத்திரங்களோடு சேர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி). கேமரா, கல்யாண வேலையில் இருந்து ஓய்வு கொடுத்த பழைய டி.எஸ்.எல்.ஆர். எங்கள் நிலத்தில் துருவ நட்சத்திரம் அடிவானில் இருந்து பன்னிரண்டரை பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே இருக்கும் தென்னந்தோப்பு அதையும் மறைத்துவிடும். ஆகவே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் மவுண்டை வடக்குக்கு நேராக்குகிறேன். இப்படிச் செய்தால் 30 விநாடி வரை நட்சத்திரம் உருண்டையாக நிற்கிறது. அதற்கு மேல் போனால் நீண்டுவிடுகிறது.

போன அமாவாசைக்கு மறுநாள் இரவு 9:40 முதல் 10:50 வரை, ஐ.எஸ்.ஓ. 1600இல், 30 விநாடிப் படங்கள் 120 எடுத்தேன். கேமராவின் இரைச்சலைக் கழிக்க, மூடியைப் போட்டு இருட்டுப் படங்கள் 20. மறுநாள் மதியம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சிரில் மென்பொருளில் எல்லாவற்றையும் அதில் ஏற்கெனவே உள்ள அமைப்பிலேயே ஒரே படமாக அடுக்கினேன். படம் அருமையாக வந்தது. இதுவரை நான் எடுத்ததில் இவ்வளவு நட்சத்திரம் வந்ததே இல்லை. ஓரத்தில் ஒரு குட்டி விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) கூடத் தெரிகிறது. ஆனால் ஆசியா இல்லை.

அன்று அதன் பொலிவெண் (வெளிச்சத்தைக் குறிக்கும் எண்; கூடக்கூட மங்கல்) 10.7. படத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு மங்கலான நட்சத்திரங்கள் இருக்கின்றன. கோள், சிறுகோள்களின் இடத்தைக் கணித்துத் தரும் நாசாவின் ஹொரைசன்ஸ் தளத்தில் 22:15 என்று நேரம் கொடுத்து இடத்தை எடுத்தேன். படத்தை மென்பொருளில் ஆயத்தொலைவுகளோடு பொருத்தி அதே இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் கறுப்பு. மூன்று முறை அடுக்கிப் பார்த்துவிட்டேன். எங்கே தவறு செய்கிறேன்?


பவானி வானம்:

வணக்கம். 22:15 என்று கொடுத்தீர்கள் அல்லவா, அது எந்த நேரம்? அந்தத் தளம் நீங்களாக மாற்றாவிட்டால் உலகப் பொது நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். நம் இரவு 10:15 என்பது அங்கே 16:45. நீங்கள் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடியிருக்கிறீர்கள்.

எதிர்நிலையை ஒட்டிய நாள்களில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள முதன்மைப் பட்டையின் உள்பகுதியில் இருக்கும் சிறுகோள் மணிக்கு 35 முதல் 38 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) வரை மேற்கு நோக்கி நகரும். நாம் அதை உள்வட்டப் பாதையில் முந்திச் செல்வதால் அது பின்வாங்குவதாகத் தெரிகிறது. ஐந்தரை மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 3 வில்நிமிடத்துக்கும் (180 வில்விநாடி) கூடுதல். உங்கள் குவியத்தூரத்துக்கும் அந்தக் கேமராவின் பிக்சல் அளவுக்கும் ஒரு பிக்சல் ஏறக்குறைய ஒரு வில்விநாடி. ஆக, நீங்கள் பார்த்த இடத்துக்குக் கிழக்கே 190, 200 பிக்சல் தள்ளிப் பாருங்கள்.

ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபட மென்பொருளில் இடம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் சிறுகோள்களின் சுற்றுப்பாதை விவரங்களை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பழைய விவரத்தை வைத்துக்கொண்டு தேடினால் வில்நிமிடக் கணக்கில் தவறும். நான் ஒருமுறை இரண்டு இரவுகள் அதில் இழந்தேன்.


கொல்லைமேடு ஸ்டுடியோ:

ஐயா, மிக்க நன்றி. நேரத்தில்தான் தவறு என்பது சரி. 16:45 கொடுத்ததும் இடம் கிழக்கே மாறிவிட்டது, நீங்கள் சொன்ன அளவுதான். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அங்கேயும் நட்சத்திரம் மாதிரி எதுவும் இல்லை. ஆனால் படத்தின் வெளிச்சத்தை முழுக்க உயர்த்தினால் மிக மெல்லிய சாம்பல் தீற்றல் ஒன்று இருக்கிறது. ஈரவிரலால் கண்ணாடியைத் துடைத்தால் காய்ந்தபின் நிற்குமே, அந்த அளவு தடம். 40 பிக்சல் நீளம் இருக்கும். அதுதானா, இல்லை, தேடித் தேடி என் கண் தானாகக் காண்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை.


தாமிரபரணிக் கரை:

தம்பி, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்தத் தீற்றல்தான் ஆசியா. அதில் மீந்தது அவ்வளவுதான். மற்றதை மென்பொருள் அழித்துவிட்டது.

அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே தவறை நானும் செய்திருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

120 படங்களையும் நட்சத்திரங்களை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறீர்கள். இப்போது வானத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 120 சாட்சிகள் இருக்கிறார்கள். நீங்கள் மாற்றாமல் விட்ட அந்த அமைப்புக்கு சிக்மா கிளிப்பிங் என்று பெயர். அது 120 சாட்சிகளையும் விசாரித்து, மற்றவர்களோடு ஒட்டாமல் பேசுகிறவரை வெளியே அனுப்பிவிட்டு, மீதிப்பேரின் சராசரியை எடுக்கிறது. செயற்கைக்கோள், விமானம் போட்ட கோடுகளை நீக்க மிக நல்ல வழி. அதனால்தான் உங்கள் படம் அவ்வளவு சுத்தமாக வந்தது.

ஆனால் ஆசியாவின் பக்கம் நின்று யோசியுங்கள். 70 நிமிடத்தில் அது 40 பிக்சல் கடந்துவிட்டது. அதன் புள்ளி உங்கள் படத்தில் நான்கு பிக்சல் அகலம் இருக்கும். எந்தப் பிக்சலை எடுத்தாலும் அதன்மேல் அது தங்கியது ஏழு நிமிடம். 120இல் 12 படங்கள். அந்த 12 பேர் ‘இங்கே வெளிச்சம் இருந்தது’ என்கிறார்கள். 108 பேர் ‘இருட்டுதான்’ என்கிறார்கள். 12 பேரின் சொல் தள்ளப்பட்டது. நீங்கள் கூடுதலாக இன்னொரு மணி நேரம் எடுத்திருந்தால் அந்தத் தீற்றலும் மிஞ்சியிருக்காது.

முதலில் ஒன்று செய்யுங்கள். அடுக்கிய படத்தை மூடிவிட்டு, 120இல் ஏதாவது ஒரு படத்தை மட்டும் திறங்கள். காவலூர் சாலை இருட்டில் 150 மி.மீ. ஆடிக்கு 30 விநாடியில் பொலிவெண் 10.7 எளிது. அது ஒவ்வொரு படத்திலும் இருந்திருக்கிறது. நீங்கள் நேரே அடுக்கப் போனதால் பார்க்கவில்லை.

அடுத்து, 120 படங்களையும் ஒரே படத்துக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். பிறகு முதல் எட்டுப் படங்களைத் தனியே, கடைசி எட்டுப் படங்களைத் தனியே அடுக்குங்கள். எட்டுப் படம் என்பது நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் அது இரண்டு, மூன்று பிக்சல்தான் நகரும், புள்ளியாகவே நிற்கும். இரண்டையும் ஒரே திரையில் மாற்றி மாற்றிக் காட்டச் செய்யுங்கள். நட்சத்திரங்கள் அசையாது. ஒன்று மட்டும் துள்ளும்.

அந்தத் துள்ளலைப் பார்க்கும்வரை எதையும் ஆசியா என்று எழுதிவிடாதீர்கள். ஹொரைசன்ஸ் சொன்ன இடத்தில் ஒரு புள்ளி இருப்பது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. சிறுகோளுக்கு முகம் கிடையாது தம்பி. வியாழனுக்குப் பட்டை உண்டு, சனிக்கு வளையம் உண்டு. வெஸ்டா 525 கி.மீ. குறுக்களவு கொண்டது, அது நமக்கு மிக நெருங்கி வரும்போதுகூட 0.64 வில்விநாடிதான் தெரியும். உங்கள் 150 மி.மீ. ஆடி பிரித்துக்காட்டக்கூடிய எல்லையே 0.77. ஆசியா 60 கி.மீ. அளவுள்ள பாறை, அதன் வட்டு இதில் பத்தில் ஒரு பங்கும் வராது. வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1802இல் இவற்றுக்கு ‘விண்மீன் போன்றவை’ என்று பொருள்படும் பெயரை வைத்ததற்குக் காரணமே இதுதான். பெரிதாக்கிப் பயனில்லை. கூட்டத்தில் ஒருவரை முகம் தெரியாமலேயே நடையை வைத்துக் கண்டுகொள்வதில்லையா, அப்படித்தான் இதுவும்.


கொல்லைமேடு ஸ்டுடியோ:

டீச்சர், கண்டுவிட்டேன்!

நீங்கள் சொன்னபடி முதலில் 17ஆம் படத்தை மட்டும் திறந்தேன். கணக்கிட்ட இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்து நட்சத்திரங்களுக்கு நடுவே நிதானமாக நின்றுகொண்டிருந்தது. 120 படத்திலும் இருந்திருக்கிறது. மூன்று நாள் அதைத் தேடியபோது அது என் கணினியிலேயே இருந்திருக்கிறது.

பிறகு முதல் எட்டு, கடைசி எட்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே அளவு வெளிச்சமுள்ள மூன்று நட்சத்திரங்கள் அடுப்புக் கல் மாதிரி முக்கோணமாக நிற்கின்றன. முதல் படத்தில் அந்த முக்கோணத்துக்கு வெளியே, கிழக்குப் பக்கம் ஒரு புள்ளி. இரண்டாம் படத்தில் முக்கோணத்துக்கு உள்ளே. நான் அளந்த தூரம் 39 பிக்சல். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை. ‘இரண்டு படத்துக்கும் என்ன வித்தியாசம்?’ என்று மட்டும் கேட்டேன். இரண்டாவது முறை மாற்றும்போதே விரலை அதன்மேல் வைத்துவிட்டாள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். கோயில் பிராகாரத்தைக் கூட்டம் இல்லாமல் எடுத்துத் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். லென்ஸில் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, ஷட்டரை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் திறந்து வைப்பேன். தூண்கள் நிற்கும், நடந்து போகிறவர்கள் படத்தில் பதியாமல் கரைந்துபோவார்கள். எத்தனையோ முறை இந்தக் கையால் செய்த வேலை. டீச்சர் 12 சாட்சிகள், 108 சாட்சிகள் என்று எழுதியதைப் படித்தபோது எனக்குப் பிராகாரம்தான் நினைவுக்கு வந்தது. வானத்திலும் தூண்களை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தவரை அழித்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். இதைப் பெரிதாக அச்சிட்டுக் கடையில் மாட்ட ஆசைப்படுகிறேன். நகர்வு ஒரே படத்தில் தெரியவேண்டும் என்றால் எப்படி அடுக்குவது?


பவானி வானம்:

வாழ்த்துகள்! நட்சத்திரங்களுக்கு, நீங்கள் ஏற்கெனவே அடுக்கிய சுத்தமான படத்தையே அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல், பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுப்பு என்று எட்டுப் படங்களாக அடுக்கியவற்றை, ஒவ்வொரு பிக்சலிலும் எது வெளிச்சமோ அதை எடுத்துக்கொள்ளும் முறையில் சேர்த்துவிடுங்கள். ஆசியா ஏழெட்டு மணிகள் கோத்த சரம்போல வரும். எல்லா 120 படத்தையும் அப்படிச் சேர்த்தால் ஒரே கோடாகிவிடும், அதுவும் அழகுதான். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் வானியலாளர் மாக்ஸ் வூல்ஃப் 1891 டிசம்பரில் 323 புரூசியாவைக் கண்டது அப்படி ஒரு கோட்டை வைத்துத்தான். புகைப்படத்தின் வழியாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது.

இன்னும் மங்கலான சிறுகோளுக்குப் போகும்போது தலைகீழாகச் செய்யவேண்டும். அதன் வேகத்தையும் திசையையும் கொடுத்து, அதை நிறுத்திவைத்துப் படங்களைப் பொருத்தினால், நட்சத்திரங்கள் கோடாகும், சிறுகோள் புள்ளியாகத் தேறிவரும். வால்மீன் எடுக்கிறவர்கள் செய்யும் அதே முறை.

உங்கள் சாலையின் கோடியில் இருக்கிற காவலூர் வான் ஆய்வகத்திலும் சிறுகோள் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். அங்கே 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் ஆர். ராஜமோகன் 1988இல் கண்டுபிடித்த ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். எண் 4130. அது ஆசியாவைவிட மிக மங்கலானது. ஒருநாள் அதற்கும் போய்விடுவீர்கள்.


தாமிரபரணிக் கரை:

சரம் போடுவது உங்கள் விருப்பம். எனக்குப் பிடித்தது அம்புக்குறி போடாமல் பக்கம் பக்கமாக வைத்த இரண்டே படங்கள். கடைக்கு வருகிறவர் அவற்றின்முன் நின்று, எது நகர்ந்தது என்று தானே கண்டுபிடிக்கட்டும். உங்கள் மனைவிக்குக் கிடைத்த அந்த நொடி அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

ஆசியாவைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வானியலாளர் நார்மன் போக்சன் அதைக் கண்டது 1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை ஆய்வகத்தில். அவர் சென்னை ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றதும் அதே ஆண்டுதான். அன்று நமக்கு இருக்கும் வசதி எதுவும் அவருக்குக் கிடையாது. படம் இல்லை, அடுக்குதல் இல்லை. நட்சத்திர வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை ஐபீஸில் வைத்து, ஒவ்வொரு நட்சத்திரமாகச் சரிபார்க்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத ஒன்று தெரிந்தால், அது வரைந்தவர் விட்டுவிட்ட நட்சத்திரமா, புதிய கோளா என்று அறிய அது நகர்கிறதா என்று காத்திருக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தின் ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் அப்படி உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் வாய் நிறையச் சொல்லும் ‘பொலிவெண் 10.7’ என்ற கணக்கும் அவர் கொடுத்ததுதான். ஐந்து படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் சரியாக 100 மடங்கு என்று 1856இல் வரையறுத்தார். பைனாகுலரில் நீங்கள் பார்த்த வெஸ்டாவுக்கும் இந்த ஆசியாவுக்கும் இடையே ஏறக்குறைய அந்த ஐந்து படிதான்.

1891இல் இறக்கும்வரை அவர் சென்னையிலேயே இருந்தார். சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா ஆகிய சிறுகோள்களும் இங்கிருந்தே அவர் கண்டவை. அவர் மகள் ஐசிஸ் அதே ஆய்வகத்தில் கணக்கீட்டாளராக வேலை பார்த்தார். உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற, வெளிச்சம் கூடிக் குறையும் மாறும் விண்மீனைக் கண்டார். நம் பள்ளிப் புத்தகங்கள் இவரைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். ஆய்வகம் 1899இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்தில் பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. 1792ஆம் ஆண்டுத் தூண். அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.

அடுத்து சில்வியாவைப் பாருங்கள். 5 மணி 11 நிமிடத்தில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றும் நீளப் பாறை. ஒரே இரவில் ஒரு முழுச் சுற்று முடிவதற்குள் அதன் வெளிச்சம் ஏறி இறங்குவதைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அளக்கலாம். அதைச் சுற்றி இரண்டு நிலவுகள் உண்டு. இரண்டு நிலவுகள் இருப்பதாக முதலில் தெரியவந்த சிறுகோள் அதுதான். அந்த நிலவுகள் நம் கருவிகளுக்கு எட்டாது. ஆனால் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் எட்டும்.


கல்லடிப் பாலம்:

வணக்கம் அண்ணா. நான் மட்டக்களப்பில் உயர்தரம் படிக்கிறேன். என்னிடம் தொலைநோக்கி இல்லை. சித்தப்பாவின் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் முக்காலியும் இருக்கின்றன. இதை வைத்து ஒரு சிறுகோளையாவது எடுக்க முடியுமா?


கொல்லைமேடு ஸ்டுடியோ:

தம்பி, தாராளமாக முடியும். இது என் தொழில், ஆகவே இதற்கு நானே பதில் சொல்கிறேன்.

வெஸ்டாவில் தொடங்குங்கள். எதிர்நிலை நாள்களில் அதன் பொலிவெண் பெரும்பாலும் ஐந்தரையில் இருந்து ஆறரைக்குள் இருக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு அது பெரிய காரியம் இல்லை. லென்ஸை முழுக்கத் திறக்காமல் எஃப் 2.8இல் வையுங்கள், முழுக்கத் திறந்தால் ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்துவிடும். ஐ.எஸ்.ஓ. 1600, ஐந்து விநாடி. அதற்கு மேல் போனால் பூமி சுழல்வதால் நட்சத்திரம் கோடாகும். தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனை ஆகும்வரை வளையத்தைக் கையால் திருப்புங்கள். பிறகு வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் கை பட்டு அது நகர்ந்தால் அந்த இரவே போய்விடும். விரலால் பொத்தானை அழுத்தாமல் இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

பத்துப் படம் போதும். மறுநாள் அதே திசையில் இன்னும் பத்து. அந்த லென்ஸில் வெஸ்டா ஒரு நாளில் ஏறக்குறைய 60 பிக்சல் நகரும். வானில் அது முழுநிலவின் அகலத்தில் பாதி. இரண்டு படத்தையும் பொருத்திப் பாருங்கள். மேகம் வந்து ஒரு நாள் தவறினாலும் பரவாயில்லை, மூன்றாம் நாள் எடுங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். அடுத்து சீரிஸ். வெஸ்டாவைவிட மங்கல், ஆனால் நல்ல இருட்டில் உங்கள் லென்ஸுக்கு அதுவும் அகப்படும்.

படம் எடுக்கும் முன் ஒருமுறை காகிதத்தில் வரைந்தும் பாருங்கள். எந்த நட்சத்திரம் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் மனதில் நிற்கும். நான் என் மகளின் நோட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.


கல்லடிப் பாலம்:

மிக்க நன்றி அண்ணா. டேப் ஒட்டும் விடயம் எனக்குத் தோன்றியிருக்காது. கடற்கரைப் பக்கம் கிழக்கே நல்ல இருட்டு இருக்கிறது. எடுத்துவிட்டு இங்கேயே இடுகிறேன்.


பவானி வானம்:

ஒரு சிறிய சேர்க்கை. கடற்கரை என்றால் லென்ஸில் உப்புப் படலம் படியும். எடுத்து முடித்ததும் மூடியைப் போட்டுப் பையில் வைத்துவிடுங்கள் தம்பி; வீட்டுக்கு வந்து மென்மையான துணியால் துடையுங்கள்.

ஸ்டுடியோ அண்ணன் அளந்த இடத்தை எங்காவது அனுப்பலாமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார். ஆசியாவின் பாதை 1861இல் இருந்து கணக்கில் இருப்பது. அதன் இடத்தை நாம் அளந்து அனுப்பிப் புதிதாக எதுவும் சேர்ந்துவிடாது. ஆனால் ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும் நேரத்தைப் பல ஊர்களில் இருந்து குறித்தால், அந்தப் பாறையின் வடிவமே நிழலாகக் கிடைக்கும். அதற்கு நம்மைப் போன்றவர்களின் கருவி போதும். நிழல் விழும் பாதையில் நாம் நிற்கவேண்டும், அவ்வளவுதான். அதைப் பற்றித் தனியே ஒரு கேள்வி தொடங்குங்கள், எழுதுகிறேன்.


கொல்லைமேடு ஸ்டுடியோ:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மீண்டும் நிலத்துக்குப் போயிருந்தேன். இந்த முறை கேமராவின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். பனி அதிகம், பத்தரை மணிக்கு மேல் ஆடியில் ஈரம் படர்ந்துவிட்டது, 40 படங்களோடு நிறுத்திக்கொண்டேன். முதல் படத்தைக் கேமராத் திரையிலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மூன்று அடுப்புக் கல் நட்சத்திரங்கள் படத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போய்விட்டன. ஆசியா அவற்றை விட்டு வெகுதூரம் மேற்கே வந்திருந்தது. கணினி இல்லாமல், வயல் வரப்பில் நின்றே அடையாளம் கண்டேன்.

இரண்டு இரவின் படங்களையும் பக்கம் பக்கமாக அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன், டீச்சர் சொன்னபடி அம்புக்குறி இல்லாமல். சில்வியா எதிர்நிலைக்கு வரும்போது விடிய விடிய இருக்கவேண்டும் என்பதால் தோப்புக்காரரிடம் பேசினேன். பம்புசெட் விளக்கை அந்த இரவுகளில் எட்டு மணிக்கு மேல் அணைத்து வைப்பதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டார். வரும் வெள்ளிக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், படத்தைப் பார்க்க.